பசி வாங்க வந்தவன்

உங்களுக்கு முந்தி, எனக்கு முந்தி, நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, தினைப்புரம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதற்குக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா. ராஜாவின் அரண்மனைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குப் பின்பக்கம் உலக்கைத் தெரு.

அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஒரே வேலைதான், ராஜாவின் நெல்லைக் குத்துவது. பொழுது விடிந்தால் உலக்கைச் சத்தம் எழும். பொழுது சாய்ந்தால்தான் அடங்கும். குத்திய அரிசி அரண்மனைக்குப் போகும். தவிடு அரண்மனை மாடுகளுக்குப் போகும். முறத்தில் கடைசியாகத் தங்குகிற நொய் இருக்கிறதே, உடைந்த அரிசி, அது குத்தினவளுக்குக் கூலி. மோசமாகக் குத்தினால் கங்காணி விரட்டிவிடுவான். நன்றாகக் குத்தினாலோ நொய் விழாது. இரண்டுக்கும் நடுவில் எப்படியோ அவர்கள் பிழைத்தார்கள்.

அந்தத் தெருவின் கடைசிக் குடிசையில் பூவாயி இருந்தாள். அவள் புருஷன் கோட்டைச் சுவருக்குக் கல் ஏற்றப் போனவன், கல்லோடு கீழே விழுந்து செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் செல்லக்கிளி, பால்பல் விழுந்து மறுபல் முளைக்கிற வயசு. இளையவள் அரும்பு, தவழ்கிற குழந்தை.

சாயங்காலம் பூவாயி நொய்க்கஞ்சி காய்ச்சி இரண்டு பேருக்கும் ஊற்றுவாள்.

"உனக்கும்மா?" என்று செல்லக்கிளி கேட்பாள்.

"நான் களஞ்சியத்துலயே சாப்பிட்டுட்டேன். நீங்க சாப்பிட்டா போதும்."

களஞ்சியத்தில் யாருக்கும் யாரும் சோறு போடுவதில்லை என்று செல்லக்கிளிக்குத் தெரியும். ஆனால் கஞ்சி சூடாக இருந்தது, அவளுக்கும் பசித்தது. இரண்டாம் தடவை அவள் கேட்டதில்லை.

ஒருநாள் காலை, உலக்கைத் தெருவுக்கு ஒரு வியாபாரி வந்தான். செம்பட்டைத் தாடி, தோளில் ஒரு தண்டு, தண்டின் இரண்டு பக்கமும் கூடை, கூடை நிறையச் சின்னச் சின்ன மண்கலயங்கள். அவன் கூவிக்கொண்டே வந்தான்:

"பசி வாங்குறேன், பசி! வயித்துப் பசி, கண்ணுப் பசி, நெஞ்சுப் பசி! எந்தப் பசியா இருந்தாலும் வாங்குறேன்!"

தெருப் பெண்கள் சிரித்தார்கள். பூவாயி மட்டும் அவனை நிறுத்தினாள்.

"பசியை வாங்கி என்னய்யா பண்ணுவ?"

"அது என் பாடு தாயி. வித்தா உனக்கு ஒரு முறம் அரிசி. உடையாத அரிசி. அப்புறம் ஆயுசுக்கும் உனக்குப் பசிக்காது, சோறும் வேண்டாம். உன் பங்கையும் பிள்ளைகளுக்கே போடலாம்."

"வலிக்குமா?"

"ஒண்ணும் வலிக்காது. இதுக்குள்ள ஒரு தடவை ஊது."

பூவாயி கலயத்துக்குள் ஊதினாள். அவன் சட்டென்று கலயத்தின் வாயில் ஓர் இலையை வைத்துக் கட்டினான். கலயத்துக்குள் ஏதோ பூனைக்குட்டி போலப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு முறம் அரிசியைக் கொட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் அந்தக் குடிசையில் முதல்முதலாக முழு அரிசிச் சோறு வெந்தது. செல்லக்கிளி சாப்பிட்டாள், மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள், வயிறு வலிக்கிறவரை சாப்பிட்டாள். பூவாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க சாப்பிட்டா போதும்" என்றாள். இந்தத் தடவை அது பொய் இல்லை. அதைக் கண்டு தெருவிலிருந்த மற்றப் பெண்களும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தங்கள் வயிற்றுப் பசியை விற்றார்கள்.

மழைக்காலம் வந்தது. பிள்ளைகள் ஈரத் துணியோடு நடுங்கினார்கள். அரும்புக்கு இருமல் நிற்கவே இல்லை. அப்போது மறுபடி தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது.

"பசி வாங்குறேன், பசி! வயித்துப் பசி, கண்ணுப் பசி, நெஞ்சுப் பசி!"

"கண்ணுப் பசின்னா என்னய்யா?"

"தூக்கம்தான் தாயி. அதை வித்துட்டா ராவும் பகலும் குத்தலாம், ரெண்டு மடங்கு நொய் கிடைக்கும். அதுபோக நான் துணி தர்றேன். பிள்ளைகளுக்குப் பாவாடை, போர்த்திக்கக் கம்பளி."

பூவாயி கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். அரும்பு இருமினாள். பூவாயி ஊதினாள்.

செல்லக்கிளிக்குச் சிவப்புப் பாவாடை கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். அன்றிலிருந்து அம்மா பக்கத்தில் படுப்பதில்லை என்பது அவளுக்குக் கம்பளியின் கதகதப்பில் உடனே உறைக்கவில்லை.

காற்றுக்காலம் வந்தது. கூரையின் பாதியை அள்ளிக்கொண்டு போனது. பூவாயி வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அரும்பு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அந்த அழுகை காதிலேயே நிற்க, களஞ்சியத்தில் பூவாயியின் கை தளரும். உலக்கையைச் சாய்த்துவிட்டு நடுவில் குடிசைக்கு ஓடிவருவாள். கங்காணி பார்த்துவிட்டான்.

"இன்னொரு தடவை வேலையை விட்டுட்டு ஓடினா, அப்படியே போயிடு. குத்துறதுக்கு வேற ஆள் இருக்கு."

மறுநாள் காலை அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன் வந்தான். அவன் கூவக்கூட இல்லை. குடிசை வாசலில் கூடையை இறக்கினான்.

"நெஞ்சுப் பசி மட்டும்தான் பாக்கி" என்றான். "அதைக் குடுத்துட்டா பிள்ளை அழுதாலும் உன் கை தளராது. உன் கூரைக்கு நானே புது ஓலை வேஞ்சு தர்றேன்."

பூவாயி பாதி போன கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு செல்லக்கிளியைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, தலையைப் பின்னிவிட்டாள். அரும்பைத் தூக்கி உச்சி முகர்ந்தாள்.

"ஏம்மா அழுற?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"கூரை இல்லாம எப்படிடி இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, பூவாயி மூன்றாவது கலயத்தில் ஊதினாள்.

ஊதி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியில் இருந்த பிள்ளைகளை, உரல்மேல் இருக்கிற முறத்தை எடுத்துக் கீழே வைப்பதுபோல எடுத்துக் கீழே வைத்தாள். எழுந்து வேலைக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சோறு வந்தது, துணி வந்தது, கூரை வந்தது. அம்மா போய்விட்டாள்.

பூவாயி கெட்டவளாகிவிடவில்லை. அதட்டியதில்லை, அடித்ததில்லை. தினமும் நொய்யைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். கதவு நிலையைப் பார்ப்பது போலத்தான் பிள்ளைகளையும் பார்ப்பாள். செல்லக்கிளிதான் உலை வைத்தாள், தண்ணீர் தூக்கினாள், அரும்புக்கு ஊட்டினாள், இடுப்பில் வைத்துக்கொண்டே தெருவெல்லாம் நடந்தாள். அரும்பு பேசத் தொடங்கியபோது அவளைப் பார்த்துத்தான் முதலில் "அம்மா" என்றாள். பூவாயி அப்போது பக்கத்தில்தான் நொய் அளந்துகொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

இப்படியே பல மழை போனது. ஒருநாள் அரும்புக்குக் காய்ச்சல் கண்டது. செல்லக்கிளி களஞ்சியத்துக்கு ஓடினாள்.

"அம்மா, பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணு மேல போகுதும்மா. வாம்மா."

"சரி" என்றாள் பூவாயி. உலக்கை நிற்கவில்லை.

செல்லக்கிளி தனியாக வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுச் சடைச்சி வந்து கஷாயம் போட்டுக் கொடுத்தாள். எப்படியோ குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த "சரி" செல்லக்கிளியின் காதைவிட்டுப் போகவில்லை. தான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட சோறும், தெருவெல்லாம் சுற்றிக் காட்டிய பாவாடையும் அவள் நினைவுக்கு வந்தன. அம்மா ஊதும்போது ஒரு தடவையாவது அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தான் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

அரும்பைச் சடைச்சியிடம் விட்டுவிட்டுத் தெருமுனையில் போய் உட்கார்ந்தாள். செம்பட்டைத் தாடிக்காரன் வருகிறவரை தினமும் உட்கார்ந்தாள். கடைசியில் ஒருநாள் வந்தான்.

"எங்கம்மாகிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுங்க ஐயா. அரிசி, கம்பளி, ஓலை எல்லாத்தையும் நாங்க திருப்பித் தந்துடுறோம்."

"என்கிட்ட இல்லியே பாப்பா. அன்னைக்கே வித்தாச்சு."

"அடுத்தவங்க பசியை யார் வாங்குவாங்க?"

அவன் தாடியைச் சொறிந்தான். "பசியே இல்லாதவங்க வாங்குவாங்க. எதிரே பஞ்சணை இருந்தும் தூக்கம் வராதவங்க வாங்குவாங்க. யார்மேலயும் ஆசை வராதவங்க வாங்குவாங்க. அப்படி ஒருத்தர்தான் இந்த ஊர்ல உண்டு. அதோ, அந்த மாளிகையில."

செல்லக்கிளி அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்தாள்.

"அவர் திருப்பித் தருவாரா?"

"வாங்கினவரே மனசு வந்து கலயத்துல ஊதணும். பிடுங்க முடியாது, திருட முடியாது, விலைக்கும் கேக்க முடியாது. இத்தனை காலத்துல ஒருத்தரும் ஊதினதில்லை." ஆனாலும் அவன் கூடையிலிருந்து ஒரு காலிக் கலயத்தை எடுத்து, ஓர் இலையோடு அவள் கையில் கொடுத்தான். "போய்த்தான் பாரேன்."

குத்திய அரிசியை அரண்மனை மடைப்பள்ளிக்குச் சுமந்துபோக எப்போதும் ஆள் வேண்டும். மறுநாள் செல்லக்கிளி ஒரு கூடை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டாள், கலயத்தை அரிசிக்குள் புதைத்தாள், நேராக உள்ளே போய்விட்டாள். தலைமைச் சமையல்காரர் அலுத்துக்கொண்டே அரிசியை அளந்தார்.

"எவ்வளவு வடிச்சாலும் பத்த மாட்டேங்குது. முன்னெல்லாம் மகாராஜா சோத்தைத் தொட மாட்டார். இப்ப ஒரு தெருவே சாப்பிடுறதை ஒருத்தராச் சாப்பிடுறார். ஆனா ஒரு விசேஷம் பாரு, கடைசிக் கவளத்தை மட்டும் வாயில வைக்கிறதில்லை. தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சுட்டு, யாரோ வரப்போற மாதிரி வாசலைப் பாக்குறார்."

தவழ்ந்து வருகிற அரும்பு வாயைத் திறப்பாள் என்று அம்மாவும் கஞ்சிச் சட்டியில் எப்போதும் அப்படித்தான் கடைசி வாயை ஒதுக்கி வைப்பாள்.

சமையல்காரர் அந்தப்பக்கம் திரும்பியதும் அவள் கலயத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் ஓடினாள். காவலன் ஒருவன் எட்டி அவள் தோளைப் பிடித்தான்.

"அவளை விடு" என்று ஒரு குரல் கேட்டது.

ராஜா கோதண்டவர்மன் எச்சில் கையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான். நரைத்த மீசை, கழுத்து நிறைய நகை.

"செல்லி" என்றான். "தலையை ஏன்டி இப்படி விரிச்சுப் போட்டுருக்க?"

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். ராஜா அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. செல்லக்கிளிக்குப் பயம் போய்விட்டது. அது அம்மா பேச்சு.

"பின்னிவிட ஆள் இல்லை மகாராஜா."

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அன்றைக்குப் பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். எங்கேயோ ஒரு குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை."

"கேட்டிருக்கலாமே, இது யாரு பெத்த பிள்ளைங்கன்னு."

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். "விற்றவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்கே தெரிந்திருக்கும்போல."

செல்லக்கிளி கலயத்தை நீட்டினாள். "எங்கம்மாவோடது. ஊதிக் குடுத்துடுங்க."

ராஜா இரண்டடி பின்வாங்கினான். "வேறு எதையாவது கேள். பொன், பொருள், மாளிகை எதுவானாலும் கேள். நான் பிறந்தன்றே என் தாய் போய்விட்டாள். செவிலிகள் கையில் வளர்ந்தேன். அவர்கள் என்னைக் கண்டு பயந்தார்கள், நான் அவர்களை மறந்தேன். இந்த நெஞ்சுப் பசி வந்த பிறகுதான் எனக்கென்று இரண்டு பேர் எங்கேயோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது. இது போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை."

செல்லக்கிளி நீட்டிய கையை மடக்கவில்லை. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எங்க பாப்பா என்னைத்தான் அம்மாங்கிறா மகாராஜா" என்றாள் கடைசியில். "எனக்கு அவளை வளக்கத் தெரியலை. நான் என்ன பண்ணட்டும்?"

அவ்வளவுதான். அவன் நெஞ்சுக்குள் இருந்தது ராஜாவுடையது இல்லையே, பூவாயியுடையது. பிள்ளை முகம் வாடிக் கேட்டதை இல்லையென்று சொல்ல அதற்குத் தெரியாது. ராஜா கலயத்தை இரண்டு கையாலும் வாங்கினான்.

ஒரு தடவை ஊதினான். உலக்கைத் தெருவின் வயிற்றுப் பசியெல்லாம் இறங்கியது. இன்னொரு தடவை ஊதினான். தூக்கம் இறங்கியது. மூன்றாம் தடவை ஊதுவதற்கு முன்னால் செல்லக்கிளியின் தலையைத் தடவி, விரிந்திருந்த மயிரை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினான். பிறகு ஊதினான்.

செல்லக்கிளி இலையை வைத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். ராஜா யாரோ தெருப்பிள்ளையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். கன்னம் நனைந்திருக்கிறதே என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். தனக்குள் ஒன்று இருந்தது என்பது மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. அது எப்படி இருந்தது என்பது நினைவில்லை.

"போ" என்றான். "சீக்கிரம் போ."

அவள் களஞ்சியத்துக்கு ஓடினாள். பூவாயி குத்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே கலயத்தைப் பிடித்து இலையைக் கிழித்தாள். உலக்கை கை நழுவி விழுந்தது.

முதலில் நெஞ்சுப் பசிதான் திரும்பியது. பூவாயி கண்ணைத் திறந்து, எதிரே நிற்கிறவளைப் பார்த்தாள். தன் தோளுயரம் வளர்ந்த பெண். சிவப்புப் பாவாடை கிழிந்து, ஒட்டுப்போட்டு, முழங்காலுக்கு ஏறிப்போயிருந்தது.

"செல்லியா?" என்றாள். "எப்படி இவ்வளவு வளந்த?"

பதில் சொல்வதற்குள் தூக்கம் வந்து விழுந்தது, அதோடு வயிற்றுப் பசியும் வந்து விழுந்தது. இத்தனை மழைக்காலத்துப் பசி, ஒரே நேரத்தில். பூவாயி உரலில் இருந்த அரிசியைப் பச்சையாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே சாய்ந்தாள். கலயத்திலிருந்த மற்றப் பசிகளும் அவரவரைத் தேடிப் போக, தெரு முழுக்கப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். களஞ்சியத்து வாசலில் கூடினார்கள். கங்காணி கதவை அடைத்தான். காவலர்கள் ஈட்டியோடு வந்தார்கள்.

அப்போது ராஜா, தனக்குள் இருந்தது யாருடையது என்று பார்க்க, நடந்தே வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். தன் தட்டில் இத்தனை நாளும் யாருடைய பசி உட்கார்ந்து சாப்பிட்டது என்பதை அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"கதவைத் திற" என்றான்.

அன்றைக்கு உலக்கைத் தெருவில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. ராஜா சட்டத்தை மாற்றினான். குத்துகிறவளுக்கு நொய் இல்லை, குத்திய அரிசியில் சரிபாதி. மத்தியானம் உலக்கைகள் நிற்கும், எல்லாருக்கும் சூடாகச் சோறு. பிள்ளைகள் தாயின் கண்ணெதிரே களஞ்சியத்து நிழலிலேயே விளையாடலாம். செம்பட்டைத் தாடிக்காரன் அப்புறம் வந்து பார்த்தான். அந்தத் தெருவில் விற்க யாரும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு ராஜ்ஜியத்துக்குப் போனான்.

பூவாயி பல நாள் தூங்கினாள். எழுந்தபோது செல்லக்கிளி அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பூவாயி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு.

"இது எப்ப பட்டுச்சு?"

"ரொம்ப நாளாச்சும்மா. கஞ்சி கொட்டிடுச்சு."

"நான் எங்கடி இருந்தேன் அப்ப?"

"இங்கதாம்மா இருந்த."

பூவாயி அந்தத் தழும்பை விடவே இல்லை. சோறு குழைந்துபோகிறவரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்காகத்தான் குடுத்தேன்" என்று ஏதோ சொல்ல வந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். செல்லக்கிளியும், அன்றைக்கே வேண்டாமென்று தடுக்காததைப் பற்றித் தான் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்லவில்லை. ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அம்மா முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். பூவாயி கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் எழவில்லை.

அரும்புதான் கிட்டே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, வீட்டுக்குள் யாரோ விருந்தாளி வந்து தங்கிவிட்டதுபோலப் பார்த்தாள். தெரு கூப்பிடுவது போலவே அவளும் "பூவாயி" என்றுதான் கூப்பிட்டாள். பயந்தால் செல்லக்கிளியிடம் ஓடினாள், பசித்தால் செல்லக்கிளியிடம் கேட்டாள். பூவாயி வற்புறுத்தவில்லை. தினமும் அவளுக்குத் தலை சீவ எண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாளாக நாளாக அரும்பு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஒரு மழை நாளில், சடை பின்னிக்கொண்டிருக்கும்போது, இழுத்துப் பின்னியதில் வலித்துவிட்டது.

"மெதுவா, பூவாயிம்மா" என்றாள் அரும்பு.

அதற்கு மேல் அவள் வாயில் கடைசிவரை வரவில்லை. பூவாயியும் அதற்கு மேல் கேட்கவில்லை. மெதுவாகப் பின்னினாள்.

அவர்கள் அந்த நாட்டில் அப்படி இருந்தார்கள். நாம் இந்த நாட்டில் இப்படி இருக்கிறோம். கதை நடந்துபோய்விட்டது, நாம் உட்கார்ந்திருக்கிறோம்.